மலை ரயில் டிக்கெட் எடுப்பதற்கு முன்னால்: கீழ்ப் பாதி வேறு, மேல் பாதி வேறு

குன்னூரில் வீடு இருந்தால் ஏப்ரல், மே மாதங்களில் போன் ஓயாது. சொந்தக்காரர்கள், அவர்களுக்குச் சொந்தக்காரர்கள், எப்போதோ கூடப் படித்தவர்கள் என்று எல்லாரும் கேட்பது ஒரே கேள்விதான். மலை ரயிலில் போகலாமா, அவ்வளவு நேரம் உட்கார்ந்து போகிற அளவுக்கு அதில் என்ன இருக்கிறது? நான் திருப்பிக் கேட்பது: எந்த மலை ரயில்? இதைக் கேட்டால் முக்கால்வாசிப் பேர் முழிக்கிறார்கள். அதனால்தான் எழுதியே வைத்துவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

மேட்டுப்பாளையத்திலிருந்து உதகமண்டலம் வரை 46 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. ஒரே தண்டவாளம், ஒரே பெயர். ஆனால் மேட்டுப்பாளையம் முதல் குன்னூர் வரையுள்ள சுமார் 28 கிலோமீட்டர் ஒரு ரயில், குன்னூரிலிருந்து ஊட்டி வரையுள்ள மீதி 18 கிலோமீட்டர் இன்னொரு ரயில் என்றுதான் நான் சொல்வேன். கீழே நீராவி எஞ்சின், பல்சக்கரப் பாதை, காடு, பாலம், குகை. மேலே டீசல் எஞ்சின், தேயிலை, காய்கறித் தோட்டம், ஊர்கள், ஆபீஸ் போகிறவர்கள். கீழே இருப்பது 1899-ல் திறந்தது, மேலே இருப்பது 1908-ல் முடிந்தது. இரண்டும் நல்ல பயணம்தான், ஆனால் ஒன்றை நினைத்துக்கொண்டு இன்னொன்றில் ஏறினால் ஏமாற்றம் நிச்சயம்.

மதுரையிலிருந்து வந்த எங்கள் சித்தப்பாவுக்கு அதுதான் நடந்தது. ஊட்டியில் ஒரு டிராவல்ஸ்காரர் "ஹெரிடேஜ் ட்ரெயின், யுனெஸ்கோ ட்ரெயின்" என்று அடுக்கி, ஊட்டி–குன்னூர் டிக்கெட்டைக் கையில் கொடுத்து, டிக்கெட் விலைக்கு மேல் பல மடங்கு வாங்கிக்கொண்டார். சித்தப்பா புகை விடும் எஞ்சினைப் பார்க்கப் போகிறோம் என்று பேரன் பேத்திகளைக் கூட்டிக்கொண்டு ஏறினார், குன்னூரில் இறங்கியதும் என்னிடம் கேட்டது: "ஏம்ப்பா, டீசல் எஞ்சினப் பாக்கவா இவ்வளவு தூரம் வந்தோம்? இது எங்க ஊரு பாசஞ்சர் வண்டிதானே?" அவர் சொன்னதில் தப்பு இல்லை. அந்த டிராவல்ஸ்காரர் சொன்னதும் பொய் இல்லை, ஊட்டி வரைக்கும் பாரம்பரியச் சின்னம்தான். விற்ற விதம்தான் சரியில்லை.

சரி, கீழ்ப் பாதியைப் பார்ப்போம்.

மேட்டுப்பாளையத்தில் காலை 7.10-க்குக் கிளம்பும். சென்னையிலிருந்து ராத்திரி ஏறி வரும் நீலகிரி எக்ஸ்பிரஸ் அதற்குக் கொஞ்சம் முன்னால் வந்து சேர்ந்துவிடும், இறங்கி அப்படியே மலை ரயிலுக்கு மாறிக்கொள்ளலாம். பெட்டிகள் நீலமும் கிரீமும், மீட்டர் கேஜ் (தண்டவாளங்களுக்கு நடுவே ஒரு மீட்டர்தான்), உள்ளே அகலம் கம்மி. எஞ்சினைத் தேடி முன்பக்கம் போகிறவர்கள் அங்கே எதுவும் இல்லாமல் திரும்பி வருவதை நின்று பார்த்தால் சிரிப்பு வரும், ஏனென்றால் மலை ஏறும்போது எஞ்சின் பின்னால் இருந்துதான் தள்ளும். இதனால் முன் பெட்டியில் இருப்பவர்களுக்கு எதிரே மறைப்பே கிடையாது, பாதை அப்படியே கண்ணெதிரே விரியும். முன்னால் இருக்கும் முதல் வகுப்புக்குக் கூடுதல் காசு கொடுப்பதில் ஓர் அர்த்தம் இருக்கிறதென்றால் அது இதற்காகத்தான், மெத்தைக்காக இல்லை. எஞ்சின் மூச்சு வாங்குகிற சத்தம் வேண்டும் என்பவர்கள் கடைசிப் பெட்டிக்குப் போகலாம். நான் கடைசிப் பெட்டி கட்சி.

முதலில் பவானி ஆறு, அப்புறம் பாக்குத் தோப்புகள், கல்லார் வரைக்கும் சமவெளி ரயில்தான். கல்லாரைத் தாண்டியதும் வண்டி நடைவேகத்துக்கு இறங்கும், அடியில் ஒரு 'கடக்' கேட்கும். எஞ்சினுக்கு அடியில் உள்ள பல்சக்கரம், இரண்டு தண்டவாளங்களுக்கும் நடுவே பதித்திருக்கும் பல் பட்டையைக் கவ்விய சத்தம் அது. பட்டை ஒன்று இல்லை, பக்கத்துப் பக்கத்தில் இரண்டு, ஒன்றின் பல் மற்றதன் இடைவெளிக்கு நேரே வரும்படி மாற்றி வைத்திருப்பார்கள், அதனால் எந்த நொடியிலும் ஏதாவது ஒரு பல் பிடியில் இருக்கும். சுவிட்சர்லாந்துக்காரர் ரோமன் ஆப்ட் கண்டுபிடித்த முறை. இந்தியாவில் இந்த ஒரு பாதையில்தான் பல்சக்கர ரயில் ஓடுகிறது. டார்ஜிலிங்கிலும் சிம்லாவிலும் மலை ரயில் உண்டு, ஆனால் அங்கே வளைத்து வளைத்து ஏற்றுவார்கள். இங்கே ஏறக்குறைய 12 அடி நகர்ந்தால் 1 அடி உயர வேண்டும், வெறும் சக்கரத்தை நம்பினால் வழுக்கிவிடும். அதனால்தான் கீழே 30 கிலோமீட்டர் வேகத்தில் வந்த வண்டி இந்தப் பகுதியில் 13-க்கு மேல் போகாது.

எஞ்சினைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்லியே ஆகவேண்டும். எக்ஸ் கிளாஸ் என்று பெயர், முதலில் வந்தவை சுவிட்சர்லாந்தின் விண்டர்தூரில் உள்ள எஸ்.எல்.எம். தொழிற்சாலையில் செய்தவை. நாலு சிலிண்டர். அழுத்தம் அதிகமான நீராவி முதல் இரண்டு சிலிண்டர்களுக்குப் போய்ச் சாதாரணச் சக்கரங்களைச் சுற்றும், அங்கே உழைத்து முடித்த நீராவியை வெளியே விடாமல் அடுத்த இரண்டு சிலிண்டர்களுக்கு அனுப்பிப் பல்சக்கரத்தைச் சுற்ற வைப்பார்கள். ஒரே நீராவி இரண்டு தடவை வேலை பார்க்கிறது. பல் பட்டை தொடங்கிய பிறகு எஞ்சின் சத்தத்தின் தாளம் மாறுவதைக் கடைசிப் பெட்டியில் உட்கார்ந்து கேட்டுப் பாருங்கள், இரண்டு ஜோடியும் சேர்ந்து வேலை செய்வது காதிலேயே தெரியும். பழைய எஞ்சின்கள் தளர்ந்துபோன பிறகு, திருச்சி பொன்மலைப் பணிமனையில் எண்ணெயில் எரியும் புது நீராவி எஞ்சின்களைச் செய்து அனுப்பினார்கள். சுவிஸ்காரன் போட்ட கணக்கை நம் பொன்மலைத் தொழிலாளி இந்த நூற்றாண்டில் கையால் செய்து காட்டியிருக்கிறார் என்பது எனக்கு யுனெஸ்கோ பட்டயத்தைவிடப் பெரிய விஷயமாகத் தோன்றுகிறது.

ஒவ்வொரு பெட்டியின் முன் மேடையிலும் கொடியோடு ஒருவர் நிற்பார். சும்மா அலங்காரத்துக்கு என்று நினைக்காதீர்கள். அவர் பிரேக்ஸ்மேன், பெட்டிக்குப் பெட்டி தனி பிரேக், அதை இயக்குவது அவர் கை. வெயிலோ மழையோ பயணம் முழுக்க அங்கேதான் நிற்கிறார். செல்ஃபி எடுக்க அவரை நகரச் சொல்கிற ஆட்களை என்ன செய்வது என்று தெரியவில்லை.

இந்தப் பாதை எத்தனை இழுபறிக்குப் பிறகு வந்தது என்று தெரிந்தால் ஜன்னல் வழியே தெரிவதும் வேறு மாதிரி இருக்கும். மலைக்கு ரயில் வேண்டும் என்ற யோசனை 1854-லேயே வந்துவிட்டது. 1873-ல் போத்தனூரிலிருந்து மேட்டுப்பாளையத்துக்கு ரயில் வந்தது, அதோடு நின்றது. அங்கிருந்து மேலே வர மாட்டுவண்டி, குதிரை, டோங்கா என்ற குதிரை வண்டி, பல்லக்கு. கோடையானால் சென்னை மாகாண கவர்னரும் அவருடைய அரசாங்கமும் மூட்டை கட்டிக்கொண்டு ஊட்டிக்கு வந்துவிடும், அந்தக் காகிதக் கட்டுகள், பெட்டிகள், ஆட்கள் எல்லாம் இந்த மலைப்பாதையில்தான் ஏறி இறங்கின. சுவிட்சர்லாந்தில் ரிகி மலைக்கு ரயில் விட்ட ரிக்கன்பாக் 1882-ல் இங்கே வந்து பார்த்துப் போனார், கம்பெனி ஆரம்பித்தார்கள், காசு சேரவில்லை. 1891 ஆகஸ்டில் கவர்னர் வென்லாக் பிரபு முதல் மண்வெட்டி போட்டு வேலையைத் தொடங்கி வைத்தார், 1894-ல் அந்தக் கம்பெனியும் திவால். 1896-ல் புதுக் கம்பெனி வந்து ஒருவழியாக 1899 ஜூனில் குன்னூர் வரை வண்டி ஓடியது. 1903-ல் அரசே வாங்கிக்கொண்டது. ஊட்டிக்கு வந்து சேர 1908 அக்டோபர் ஆகிவிட்டது. யோசனைக்கும் ஊட்டி ஸ்டேஷனுக்கும் நடுவே 54 வருஷம். 16 குகைகள், 250 பாலங்கள், 208 வளைவுகள் என்று மூச்சு விடாமல் சொல்வார்கள். அடிவாரக் காடு மலைக்காய்ச்சலுக்குப் பேர்போனது, அதற்குள் நின்று பாறையை உடைத்தவர்களின் பெயர் மட்டும் அந்தக் கணக்கில் வராது.

அடர்லி, ஹில்குரோவ், ரன்னிமேடு என்று வழியில் வரும் நிலையங்கள் ஊருக்காகக் கட்டியவை இல்லை, எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கக் கட்டியவை. நிற்கும் நேரத்தில் எல்லாரும் இறங்கிவிடுவார்கள். ஹில்குரோவில் டீயும் தின்பண்டமும் கிடைக்கும், குரங்குகளும் கிடைக்கும். பையைத் திறந்து வைத்தால் அவற்றுக்குத்தான் சொந்தம், நீங்கள் கொடுக்கவே வேண்டாம். இது யானை நடமாடும் காடு என்பதால் தண்டவாளத்தில் நடந்து போய்ப் படம் எடுக்கும் வீரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வாருங்கள்.

குறைகளையும் சொல்லிவிடுகிறேன். பெட்டிக்குள் கழிப்பறை இல்லை. நிலையங்களில்தான், அங்கேயும் வண்டி நிற்கும் சில நிமிடங்களில் வரிசை. சர்க்கரை வியாதி உள்ளவர்கள், சின்னக் குழந்தை வைத்திருப்பவர்கள் இதை முதலில் யோசிக்க வேண்டும். மேட்டுப்பாளையத்திலிருந்து ஊட்டிக்கு ஐந்து மணி நேரத்துக்குப் பத்து நிமிஷம் குறைவு, பஸ்ஸில் அதில் பாதிகூட ஆகாது. இரண்டாம் வகுப்பில் எதிரெதிர் இருக்கையில் முழங்காலும் முழங்காலும் இடிக்கும், உயரமானவர்கள் பாடு திண்டாட்டம். பெரிய சூட்கேஸ் கொண்டு வந்தால் அதை வைக்க இடம் தேடுவதிலேயே பவானி ஆறு போய்விடும். ஆனால் இந்தக் குறைகளைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று முடிவு செய்பவர்களுக்கு நான் தடை சொல்வேன். குன்னூர் வரைக்குமாவது வாருங்கள். இந்த 28 கிலோமீட்டருக்குக் கொடுக்கிற ஒவ்வொரு ரூபாயும் தகும்.

குன்னூரில் நீராவி எஞ்சின் கழன்றுகொள்ளும், டீசல் வந்து மாட்டும். எஞ்சின் கொட்டகையும் இங்கேதான். பெரும்பாலான பயணிகள் இந்த இடைவெளியில் வடை டீ என்று ஓடிவிடுகிறார்கள், ஓடட்டும், எஞ்சின் கழற்றி மாட்டும் வேலையைக் கிட்ட நின்று பார்க்க எங்களுக்கு இடம் கிடைக்கும். இன்னொன்று, குன்னூரிலிருந்து ஊட்டிக்குக் கிளம்பும் வண்டி முதலில் கொஞ்சதூரம் பின்னால் போய், அப்புறம்தான் ஏற்றத்தில் திரும்பும். புதிதாக வந்தவர்கள் "என்ன, திரும்பவும் மேட்டுப்பாளையத்துக்கே போகுதா" என்று பதறுவார்கள். ஒன்பது வருஷத்துக்கு இதுதான் கடைசி நிலையமாக இருந்தது என்பது நினைவிருந்தால் பதற்றம் வராது.

இனி மேல் பாதி. இங்கே பல் பட்டை இல்லை, ஏற்றம் கீழ்ப் பாதி அளவுக்குச் செங்குத்து இல்லை. எஞ்சினியரிங் ஆர்வத்தோடு வந்தவர்களுக்குச் சுவாரசியம் பாதியாகிவிடும். ஆனால் இந்த மாவட்டம் எப்படி உருவானது என்று ஒரு மணி நேரத்தில் தெரிந்துகொள்ள வேண்டுமென்றால் இதைவிட மலிவான வழி கிடையாது. வெலிங்டன் வந்தால் ராணுவம், மெட்ராஸ் ரெஜிமென்ட்டின் பயிற்சி மையம். அருவங்காடு வந்தால் வெடிமருந்துத் தொழிற்சாலை, நூறு வருஷத்துக்கு மேல் ஆன கார்டைட் ஃபாக்டரி, நீலகிரியில் எத்தனையோ வீடுகளில் "தாத்தா ஃபாக்டரியில இருந்தாரு" என்றால் அது இதுதான். லவ்டேல் வந்தால் 1858-ல் தொடங்கிய லாரன்ஸ் பள்ளி. பட்டாளம், வெடிமருந்து, பள்ளிக்கூடம், கடைசியில் கவர்னர் இருந்த ஊர். வெள்ளைக்காரன் எதற்காக மலை ஏறினான் என்று ஸ்டேஷன் பெயர்ப்பலகைகளே வரிசையாகச் சொல்லிவிடுகின்றன.

நடுவில் கேத்தி வரும். அந்த ஸ்டேஷனில் வண்டி நிற்கும்போது எல்லாரும் ஏதோ சினிமாக் காட்சியை நினைத்துக்கொண்டு கேமராவைத் தூக்குகிறார்கள். நான் பார்க்கச் சொல்வது எதிர்ப் பக்கம். பள்ளத்தாக்கு முழுக்க படுகர் சமூகத்தின் ஊர்கள், சரிவில் படி படியாகக் கேரட், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு. ரயில் வந்ததால் லாபம் கவர்னருக்கு மட்டும் இல்லை. மேட்டுப்பாளையம் மண்டியில் இன்றைக்கும் ஊட்டி உருளைக்கிழங்குக்குத் தனி மவுசு, மலைக்கும் மண்டிக்கும் உள்ள அந்த உறவுக்கு இந்தப் பாதையும் கை கொடுத்திருக்கிறது. இந்தப் பாதை வேலையில் ஒப்பந்தம் எடுத்தவர்களில் ஹுப்பதலை ராவ் பகதூர் பெள்ளி கவுடரும் ஒருவர். அவருடைய மகன் ஆரி கவுடர்தான் பிற்பாடு உருளைக்கிழங்கு விவசாயிகளுக்காகக் கூட்டுறவு விற்பனைச் சங்கத்தைக் கொண்டுவந்தவர். ரயில் போட்ட வீட்டிலிருந்தே விளைச்சலை விற்கும் சங்கமும் வந்தது என்பதை எந்த கைடும் சொல்லி நான் கேட்டதில்லை.

எனக்கு உள்ள பெரிய மனக்குறை இதுதான். வண்டியை ஓட்டுவதில் குறை சொல்ல முடியாது, நூற்றாண்டு தாண்டிய ஏற்பாட்டை இந்த மழையிலும் இந்தச் சரிவிலும் ஓட்டுவது சாதாரண வேலை இல்லை. ஆனால் நீங்கள் எதன்மேல் உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று பயணிக்கு எடுத்துச் சொல்ல ஏற்பாடு போதாது. 2005-ல் யுனெஸ்கோ அங்கீகாரம் வந்தது, பலகைகள் வந்தன, படம் எடுக்க இடம் வந்தது. ஊட்டி ஸ்டேஷனில் பழைய படங்களும் சாமான்களும் வைத்த காட்சியகம் இருக்கிறது, வண்டிக்குக் காத்திருக்கும் நேரத்தில் கட்டாயம் பாருங்கள், பிள்ளைகளுக்குப் பிடிக்கும். ஆனால் அங்கே நின்று பார்த்தால் சரித்திரம் என்றாலே எஞ்சினும் கவர்னரும்தான் என்று தோன்றும். 1819-க்குப் பிறகு கோயம்புத்தூர் கலெக்டர் சல்லிவன் வந்து, கட்டடம் கட்டி, ஏரி வெட்டி ஊட்டியை ஊராக்கினார் என்பது எல்லாருக்கும் தெரியும். அதற்கு முன்னாலேயே இங்கே தோடர்களும் கோத்தர்களும் படுகர்களும் குறும்பர்களும் இருளர்களும் இருந்தார்களே, அவர்கள் மேய்த்த புல்வெளியில் தண்டவாளம் வந்தபோது என்ன ஆனது, சமவெளியிலிருந்து கூலிக்கு வந்தவர்கள் எங்கே தங்கினார்கள், அவர்கள் வாரிசுகள் இன்றைக்கு எந்த லைன் வீட்டில் (தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய வீடு) இருக்கிறார்கள்? தமிழில் ஒரு இருபது நிமிஷ ஒலிப்பதிவு போதும், ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் காதில் கேட்கிற மாதிரி. அதற்குத் தனியாகக் காசு கேட்டாலும் கொடுப்பேன்.

டிக்கெட் விஷயம். முழுப் பாதைக்கும் ஐ.ஆர்.சி.டி.சி.யில் 60 நாள் முன்னால் திறக்கும், கோடை விடுமுறைக்கும் தொடர் விடுமுறைக்கும் திறந்த கையோடு தீர்ந்துவிடும். ஏறுவதற்குக் கிடைக்கவில்லை என்றால் இறங்குவதற்குப் பாருங்கள், ஊட்டியில் மதியம் 2 மணிக்குக் கிளம்பும் வண்டியில் பெரும்பாலும் இடம் கிடைப்பது சுலபம். இறங்க மூன்றரை மணி நேரம்தான் ஆகும். அப்போது எஞ்சின் கீழ்ப் பக்கம், அதாவது முன்னால் இருக்கும், முன் பெட்டிக் காட்சி கிடைக்காது, பல்சக்கர அனுபவம் அதேதான். எஞ்சின் உறுமி ஏறுவதைக் கேட்கவேண்டும் என்பவர்கள் மட்டும் ஏற்றத்துக்கே காத்திருங்கள். குன்னூர்–ஊட்டிக்கு ஒரு நாளைக்குப் பல நடைகள் உண்டு, முன்பதிவு இல்லாத டிக்கெட்டைக் கவுன்ட்டரிலேயே வாங்கலாம், விலையும் ரொம்பக் குறைவு. இதற்கு இடையில் ஆள் வைத்து வாங்க ஒரு அவசியமும் இல்லை. சீக்கிரம் போய் வரிசையில் நின்றால் போதும். சொந்த வண்டியில் மலை ஏறினால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்கவேண்டும், ரயிலில் வருபவர்களுக்கு அந்தத் தொல்லையும் இல்லை.

எப்போது வரலாம் என்றால், மே மாதம் வேண்டாம் என்பேன், என் உறவினர்கள் இதைப் படித்தால் புரிந்துகொள்வார்கள். ஜனவரி, பிப்ரவரியில் குளிர் கடிக்கும், ஆனால் வானம் தெளிவு, கூட்டமும் குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழை. காடு பச்சைப் பசேலென்று இருக்கும், ஆனால் கல்லாருக்கும் குன்னூருக்கும் நடுவே மண் சரிந்து பாதையை மூடுவது வருஷா வருஷம் நடப்பதுதான், ஒரு நாளில் சரியாகலாம், வாரக்கணக்கிலும் ஆகலாம். வண்டி ரத்தானால் டிக்கெட் காசு திரும்ப வந்துவிடும், போட்டு வைத்த ஓட்டல் அறைக்கும் சென்னை டிக்கெட்டுக்கும் யாரும் பொறுப்பில்லை. அந்த மாதங்களில் வருவதாக இருந்தால் மேட்டுப்பாளையத்திலிருந்து பஸ் உண்டு என்று மனசைத் தயார் பண்ணிக்கொண்டு வாருங்கள், கீழே பாதை மூடினாலும் குன்னூர்–ஊட்டி வண்டி பல சமயம் ஓடிக்கொண்டுதான் இருக்கும்.